ஒப்புக்குப் போட்ட அழுகை

மார்ச் 4

அண்ணா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "நலம், நலமறிய ஆவல்" என்று அடித்தேன். நீ சிரிப்பாய் என்று அழித்துவிட்டேன். இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு நலம் விசாரிப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆபீஸ் முகவரிக்கு இதை அனுப்பவில்லை. உன் பழைய மெயிலை இன்னும் திறந்து பார்க்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ "சொல்லு" என்பாய். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும், சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சண்டை போட ஆரம்பித்துவிடுவேன். அதோடு இதைக் கடுகின் காதுபடப் பேச முடியாது. உன் மருமகளுக்கு இப்போது ஆறு வயது. நீ வைத்த பேர்தான் இன்னும் நிலைத்திருக்கிறது. காரமும் குறையவில்லை.

சண்டைக்காக எழுதவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் நம் ஒலி அறையை மூடிய அன்று நான் வேலையை விட்டேன், நீ விடவில்லை. அது உன் இஷ்டம். படிக்கட்டில் நின்று உன்னை நான், "நீயும் ஒரு நாற்காலிதான், யார் வந்தாலும் உட்கார இடம் குடுப்பே" என்று சொன்னதை இப்போது எடுக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். போன மாதம் கடுகுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். எத்தனை கதைதான் சொல்வது? என் பழைய போனில் ஏதாவது ஆட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று தேடினேன். நம் கம்பெனியின் நத்தைப் படம் கண்ணில் பட்டது. அதே இரண்டு கொம்பு, முதுகில் அதே சுருள். அடுப்பில் பால் இருந்ததை மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

சாப்பாட்டு மேசையை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு அதற்கு அடியில் உட்கார்ந்து விளையாடுவோமே. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கன்ட்ரோலர். அதன் இடது குச்சி உடைந்து, அப்பா நூல் சுற்றி ஒட்டிக் கொடுத்தது. ஆள் செத்தால் கை மாற வேண்டும் என்பது சட்டம். நீ சாகவே மாட்டாய். திரை கறுத்து, தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் ஒன்று கேட்டு, பிறகு நத்தை ஊர்ந்து வரும். மற்ற கம்பெனிகளெல்லாம் வருடத்துக்கு ஒன்று இறக்குவார்கள். நத்தைக் கம்பெனி ஆட்டம் மட்டும் அது வருகிறபோதுதான் வரும். பெட்டிக்குள் ஒரு குட்டிப் புத்தகம் இருக்கும். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: "போதும். வெளியே வெயில் எப்படி இருக்கிறது, போய்ப் பார்." ஆட்டம் விற்கிறவனே ஆட்டத்தை நிறுத்தச் சொன்னான். படித்து முடித்து நாம் இரண்டு பேரும் அங்கேயே போய் வேலைக்குச் சேர்ந்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அதனால் நம்பிக் கொடுத்தேன். மற்ற அம்மாக்கள் பிள்ளைகள் கையில் என்னென்னவோ ஆட்டத்தைக் கொடுக்கிறார்களே என்று மனதுக்குள் உச்சுக்கொட்டியவள் நான். என் பிள்ளைக்கு நத்தை. அதிலும் பஞ்சு, நாம் செய்த அந்தக் குஞ்சு வளர்க்கிற ஆட்டம்.

பழைய பஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வந்ததும் ஒரே ஒருமுறை அழும். எடுத்து அணைத்தால் நிறுத்திவிடும், அப்புறம் கடைசிவரை அழாது. கொஞ்ச நேரம் விளையாடியதும் உருண்டை உடம்பைச் சுருட்டிக்கொண்டு தூங்கிவிடும். நாளைக்குத்தான் எழுப்ப முடியும். கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் அந்த விதியை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை.

புதுப் பஞ்சு தூங்குவதே இல்லை, அண்ணா. போனை அலமாரியில் வைத்தால் சற்று நேரத்தில் அங்கிருந்து அழுகிறது. கடுகு சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறாள். நேற்று உடம்பெல்லாம் சோப்போடு குளியலறையிலிருந்து ஓடிவந்து வழுக்கி விழுந்தாள். முழங்கை வீங்கியிருக்கிறது. விளையாடுகிற ஆசையில் ஓடினால் அதட்டி உட்கார வைக்கலாம். அவள் முகத்தில் ஆசை இல்லை. பயம்தான் இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த அழுகையின் நடுவில் ஒரு விக்கல் வருகிறது. விக்கி, மூச்சை இழுத்து, மறுபடி தொடங்குகிறது. எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரிதான் அழும் என்கிறார் இவர். பழைய பஞ்சுக்கு அழுகை கிடைக்காமல் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயம், கைக்குழந்தையாக இருந்த கடுகை நான் ஒலி அறைக்குத் தூக்கி வந்தேன். பசியில் அவள் ஆரம்பித்தபோது மைக் திறந்திருந்தது. நீயும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாய்.

புதுப் பஞ்சு அழுவது யாருடைய அழுகை?

உன் தங்கை


மார்ச் 9

பாம்புச்செவி,

பழைய மெயிலைத் திறந்து பார்க்கிறேன். விளம்பரங்களுக்கு நடுவில் நீ. முதலில் யாரோ கடன் அட்டை விற்கிறார்கள் என்று நினைத்தேன்.

குழந்தையின் முழங்கைக்கு ஐஸ் வை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இங்கே எல்லாம் நத்தை வேகத்தில் நடக்கிறது என்று எழுத ஆசைதான். நத்தைதான் ஓட ஆரம்பித்துவிட்டதே. மேல் மாடி இரண்டையும் வாடகைக்கு விட்டாயிற்று. ஒன்றில் பல் டாக்டர் இருக்கிறார். சில நாள் கூட்டத்தின் நடுவே துளை போடுகிற சத்தம் கேட்கும். எங்களுக்கும் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. வாசல் சுவரில் இருந்த பெரிய நத்தைக்கு ஒரு கொம்பு உடைந்து விழுந்துவிட்டது. புதிது வைக்க ஆள் வந்தான், அளந்தான், போனான். உன் ஒலி அறையில் இப்போது வேண்டாத நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். நீ என்னை நாற்காலி என்றாய். நானும் சில சமயம் போய் அங்கே உட்கார்ந்திருப்பேன். அங்கே சத்தமே கேட்காது.

பெரியவர் போனதற்கப்புறம் வந்தவரை நாங்கள் எண்ணுக்காரர் என்று கூப்பிடுகிறோம். கெட்ட மனிதர் இல்லை. பிறந்தநாளை ஞாபகம் வைத்துக்கொண்டு வாழ்த்துவார். ஆட்டம் மட்டும் ஆடமாட்டார். ஒரு நாளாவது நத்தை ஆட்டம் விளையாடியிருக்கிறீர்களா என்று கேட்டேன். "சமையல்காரன் எல்லாத்தையும் சாப்பிட்டுப் பாக்கணுமா என்ன?" என்றார். சாப்பிட்டுப் பார்க்கிற சமையல்காரன்தானே சமையல்காரன் என்று எனக்கு வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

உன் பிரச்சினைக்கு வருகிறேன். சத்தத்தை அணைக்க ஒரு வழி இருக்கிறது. மேல் மூலையைத் தொட்டால் வரும். கண்டுபிடிக்கக் கொஞ்சம் சிரமம். கஷ்டமாகத்தான் வைக்கச் சொன்னார்கள். இல்லையென்றால் போனைப் பிடுங்கி வை. நான் சொல்கிறேனே என்று கோபப்படாதே, போனைக் குழந்தை கையில் கொடுத்தது நத்தை இல்லை, நீதான். ஆறு வயதுக்கு ஆட்டம் வேறு, நிஜம் வேறு என்று தெரியாதா? நமக்குத் தெரிந்ததே.

அந்த அழுகையைப் பற்றிப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஒப்புக்குப் போட்டதுதான்.

அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

ஒப்புக்கு என்று எழுதியிருக்கிறாய். கை தவறி எழுதினாயா, நான் புரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதினாயா என்று நேற்றெல்லாம் யோசித்தேன்.

அந்தச் சொல்லை என்னிடமே சொல்கிறாயே. விளையாட்டில் ஆள் குறைந்தால் சின்னப் பிள்ளை ஒன்றை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வோம் இல்லையா, அதை வைத்துத்தானே நாமே அந்தப் பேரைப் போட்டோம். சரியான சத்தம் கிடைக்கும்வரை அந்த இடத்தில் வாயால் ஊதியோ மேசையைத் தட்டியோ ஒரு சத்தம் போட்டு வைப்போம், அது ஒப்புக்கு. பெரியவர் குரலிலேயே "தடால், தடால்" என்று பேசுகிற இடி எத்தனை நாள் ஓடிற்று. ஆட்டம் வெளியே போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கணக்கு எழுதுகிறவர் முதல் வாசலில் நிற்கிறவர் வரை எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து ஆடுவோம். ஒளிந்திருக்கிற ஒப்புக்கு ஒன்றைப் பிடிக்கிறவருக்குக் கைதட்டல். ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. போனால் நத்தை மானம் போச்சு என்பார் பெரியவர்.

அப்படி இருந்த இடத்திலிருந்து என் குழந்தையின் அழுகை ஒப்புக்காக வெளியே வந்திருக்கிறது. அவளுடையதுதானே? நேரடியாகச் சொல்.

நீ சொன்ன எல்லாம் செய்து பார்த்தேன். சத்தத்தை அணைத்தேன். கடுகு போனை முகத்தருகே வைத்துக்கொண்டு பஞ்சின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சத்தம் இருந்தபோதாவது அழாத நேரத்தில் வேறு வேலை பார்த்தாள். போனை ஒளித்து வைத்தேன். ஜன்னல் பக்கம் போய், "அங்க அழுவுதும்மா" என்கிறாள். தெருவில் ஒரு பூனை கத்தியிருக்கிறது. ஆட்டத்தையே எடுத்துவிடலாம் என்று இவர் சொல்லி, எடுத்தும் விட்டோம். அவள் கேட்டது ஒன்றுதான்: "செத்துப்போச்சா?" இல்லை என்றால் எங்கே என்பாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுபடி போட்டோம். திறந்ததும் பஞ்சு இளைத்துப்போய் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. கீழே ஒரு வரி: "என்னை விட்டுட்டுப் போயிட்டே இல்ல?"

அதை எழுதியது யார், அண்ணா? வெளியே போய் வெயிலைப் பார் என்று எழுதிய இடத்தில் இதை யார் எழுதினார்கள்?

நமக்குத் தெரிந்ததே என்கிறாய். நமக்குத் தெரிந்தது, நம்மிடம் யாரும் பொய் சொல்லவில்லை என்பதால்தான். நம் ஆட்டத்தில் ஆள் செத்தால் கை மாறும், அவ்வளவுதான்.

போனைக் கொடுத்தது நான்தான். அதை நீ எழுத வேண்டியதில்லை. தலையணையில் தலை வைத்தால் அதுதான் கேட்கிறது.


மார்ச் 15

அவளுடையதுதான்.

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் உனக்குக் கோபம் கூடும்.

ஒலி அறையை மூடிய பிறகு சத்தம் செய்ய ஆள் இல்லை. புதுப் பஞ்சு ஆட்டத்தை எண்ணுக்காரருக்குக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அழுகிற இடம் ஊமையாக இருந்தது. பழைய சேமிப்பில் தேடினேன். எனக்குக் கிடைத்தது அது. காட்டிவிட்டு மறுநாள் மாற்றிவிடலாம் என்று போட்டேன். சத்தியமாக ஒப்புக்குத்தான். அழுது முடித்ததும் நிற்கும்படிதான் முதலில் இருந்தது. பஞ்சை எடுத்து அணைக்கும்வரை அழுகையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கலாமே என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ஓடவிட்டோம். கொஞ்சம் பேரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். ஆட்டத்துக்குத் திரும்பி வருகிறவர்களின் கணக்குக் கோடு செங்குத்தாக ஏறியது. எண்ணுக்காரர் அந்தக் கோட்டைச் சுவரில் ஒட்டி வைத்தார். "இதுல யாரும் கைய வைக்காதீங்க" என்றார். அழுகை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், காப்பி குடித்தேன்.

ஒப்புக்கு வேட்டை நின்று வெகு நாள் ஆகிறது. வேட்டையாட ஆளே இல்லையே.

அந்த வரியை எழுதியது நான் இல்லை. ஆனால் எழுதினவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். நல்ல பையன். அவன் நத்தை ஆட்டம் ஆடி வளரவில்லை. நத்தை என்றால் அவனுக்கு இதுதான்.

ஏன் இன்னும் இருக்கிறாய் என்று படிக்கட்டில் கேட்டாய். இப்போது சொல்கிறேன். நாங்கள் பழைய ஆட்கள் ஒரு கையளவு மிச்சம் இருக்கிறோம். இந்தப் பஞ்சு பிழைத்தால் அடுத்ததை நம் இஷ்டப்படி செய்யவிடுவேன் என்று எண்ணுக்காரர் சொல்லியிருக்கிறார். மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி ஒன்று. அதற்குப் படங்கள் வரைந்து வைத்திருக்கிறேன். அதை நம்பி இருக்கிறேன். நீ சிரிப்பாய். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு அது மிதக்கும் என்று உட்கார்ந்திருக்கிறவன் என்பாய்.

அந்த அழுகையை எடுத்தால் கோடு சரியும். கோடு சரிந்தால் கட்டடம் முழுக்கப் பல் டாக்டருக்குத்தான். வெளியே போகிற ஒவ்வொரு அப்டேட்டையும் கட்டி அனுப்புகிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் என்னால் முடியாது. கை வைத்தது யார் என்று தேட வேண்டிய அவசியமே இருக்காது.

கொஞ்சம் பொறுத்துக்கொள். குழந்தைகள் ஒரு ஆட்டத்தில் ரொம்ப நாள் நிற்க மாட்டார்கள். தானாக மறந்துவிடுவாள்.


மார்ச் 18

அண்ணா,

தானாக மறக்கவில்லை.

இன்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் சாமான் வண்டி உள்ளே வர ஒரு கதவைத் திறந்திருக்கிறார்கள். அவள் அந்த வழியாக வெளியே போய்விட்டாள். வீட்டுக்கு வர இரண்டு பெரிய சாலையைக் கடக்க வேண்டும். ஒன்றைக் கடந்துவிட்டாள். இரண்டாவதன் நடுவில், போகிற வண்டிகளுக்கும் வருகிற வண்டிகளுக்கும் இடையில் நின்றிருக்கிறாள். தபால் கொடுக்கிற பெண் ஒருத்தி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறாள். நான் போனபோது அந்தப் பெண் அவளை இன்னும் கீழே இறக்கிவிடவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கடுகு அழவில்லை. எங்கே போனாய் என்று கேட்டதற்கு, எனக்குத்தான் ஒன்றும் தெரியாது என்பதுபோலச் சொன்னாள்: "நான் போகலைன்னா அது அழுதுக்கிட்டே இருக்கும்மா. வேற யாரும் வர மாட்டாங்க."

வேறு யாரும் வரமாட்டார்களா? நான் வந்தேனே, அண்ணா. அந்தப் பதிவில் நான் வந்தேன். அழுகை தொடங்கினதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நான் செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஓடி வருவது அதில் இருக்கிறது. வந்துட்டேன் வந்துட்டேன் என்று சொன்னது இருக்கிறது. அவள் அடங்கினது இருக்கிறது. பெரியவர் அதை வெட்டாதே என்றார், பழைய ஆட்டத்தில் நான் வருவதையும் சேர்த்தே விட்டோம்.

என்னை எங்கே வெட்டிப் போட்டாய்?


மார்ச் 20

குழந்தையைத் தனியாக எங்கும் விடாதே.

சனிக்கிழமை போனைத் திறக்கச் சொல். நீ திறக்காதே. அவளே திறக்கட்டும். பக்கத்தில் இரு.


மார்ச் 24

அண்ணா,

சனிக்கிழமை காலையிலிருந்தே எனக்கு வேலை ஓடவில்லை. நீ என்ன செய்யப் போகிறாய் என்று தெரியாது. பஞ்சைக் கொன்றுவிடுவாயோ என்றுகூடப் பயந்தேன். இவரையும் வெளியே போகாமல் உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி சோபாவில் வரிசையாக இருந்தோம்.

பஞ்சு அழத் தொடங்கியது. விக்கல் வந்தது. கடுகு கையை நீட்டினாள். அவள் விரல் படுவதற்குள் உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு நான். ஆறு வருடத்துக்கு முந்தின நான், மூச்சு வாங்கிக்கொண்டு: "வந்துட்டேன், வந்துட்டேன்டா, இதோ பாரு, அம்மா வந்துட்டேன்." அழுகை இறங்கியது. ஒரு விசும்பல், இன்னொன்று, அவ்வளவுதான். பஞ்சு உடம்பைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடியது. திரை மெதுவாக இருட்டியது. கீழே அந்தப் பழைய எழுத்தில், "போதும். வெளியே வெயில் எப்படி இருக்கிறது, போய்ப் பார்."

கடுகு போனைத் தொட்டுப் பார்த்தாள். எழுப்ப முடியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது நீதானே?"

ஆமாம் என்றேன்.

"நீ ஏம்மா அதுக்குள்ள போனே?"

அழுதது யார், எங்கே, எப்போது என்று சொன்னேன். அவள் நம்புவாளோ பயந்துபோவாளோ என்று வார்த்தை வார்த்தையாகப் பார்த்துச் சொன்னேன். அவளுக்கு அதில் அக்கறையே இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு.

"அப்ப, நான் ஸ்கூல்ல இருந்தா நீ போய்டுவியா?"

"போய்டுவேன்."

"சரி" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பசிக்கிறது என்றாள். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் சாப்பிட்டு முடித்தாள். அதன்பின் நான் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்னொன்று. பதிவின் கடைசியில், அவள் அடங்கினதும், ஒரு நாற்காலி கிறீச்சென்று நகர்கிறது. பழைய ஆட்டத்தில் அது இல்லை. அழகாக இல்லை என்று நான்தான் அப்போது துடைத்தேன். நீ துடைக்கவில்லை. அவளைப் பார்க்க நீயும் எழுந்தாயே, அது உன் நாற்காலிதானே.

மூன்று நாளாக உன்னைக் கூப்பிடுகிறேன். நீ "சொல்லு" என்று சொன்னால் போதும், கோபமே வராது என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுகிறேன். எடுக்கவில்லை. ஆபீஸுக்கும் கூப்பிட்டேன். அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்றது ஒரு பெண் குரல். எங்கே இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? அந்தப் படங்களெல்லாம் என்ன ஆயிற்று? மகளைப் பற்றிய பயம் இறங்கியதும் அந்த இடத்தில் நீ வந்து உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு என்றைக்குத்தான் காலி இடம் இருந்திருக்கிறது.

ஒரு வரி எழுது.


மார்ச் 27

பாம்புச்செவி,

நாற்காலி சத்தத்தைக் கண்டுபிடிப்பாய் என்று தெரியும். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

நன்றாகத்தான் இருக்கிறேன். போன் ஆபீஸ் போன், அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு பழைய வழக்கப்படி ஒப்புக்கு வேட்டைக்கு உட்கார்ந்தேன். தனியாகத்தான். ஒன்று அகப்பட்டது. பிடித்து, சரியானதைப் போட்டு, கட்டி அனுப்பிவிட்டேன். கைதட்ட ஆள் இல்லை. பல் டாக்டரும் போய்விட்டிருந்தார்.

திங்கட்கிழமை எண்ணுக்காரர் கூப்பிட்டார். கத்தவில்லை. கோட்டைக் காட்டினார். சனிக்கிழமை காலையிலிருந்து கோடு படுத்துவிட்டது. "என்ன பண்ணீங்க?" என்றார். "தூங்க வெச்சேன்" என்றேன். அந்தச் சரிவைப் பார்த்தபோது, இத்தனை பிள்ளைகள் எழாமல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் பாவம், அவருக்கு அப்படித் தோன்ற வழியில்லை.

வெற்றி என்று நினைத்துக்கொள்ளாதே. பழைய ஆட்களில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படம் வரைகிறவர், உன் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினாரே அவர்தான், "உனக்கென்னப்பா, தனி ஆளு" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை இறக்கி வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

என் படங்கள் அங்கேயே இருக்கின்றன. எடுத்துக்கொள்ள விடவில்லை.

வாசலில் நத்தையைப் பார்த்தேன். அந்த ஒற்றைக் கொம்போடு அதுவும் என்னைப் பார்த்தது. இவ்வளவு நாள் நம் பழைய நத்தை உள்ளே இருக்கிறது, நான் காவல் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஓடு மட்டும்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தயாராக இரு. நான் போட்டதை அவர்கள் எடுத்துவிட்டுப் பழையபடி வைப்பார்கள். இந்நேரம் வைத்திருக்கவும் கூடும். முடிவில்லாமல் அழும். கடுகைப் பார்த்துக்கொள்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய மெஷினும் நூல் சுற்றின கன்ட்ரோலரும் அதில் இருக்கின்றன. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எவ்வளவு உயரம்? கீழே மூன்று பேர் உட்கார முடியுமா?

அண்ணன்


மார்ச் 29

அண்ணா,

நேற்றுச் சாயங்காலமே பழையபடி மாறிவிட்டது.

சமையலறையில் இருந்தேன். அலமாரியிலிருந்து அழுகை வந்தது. செருப்புச் சத்தத்துக்காகக் காத்தேன். வரவில்லை. விக்கல் வந்தது, முதலிலிருந்து தொடங்கியது, மறுபடி விக்கல். போனைப் பிடுங்கி அணைத்துவிடலாம் என்று ஈரக் கையோடு ஓடினேன்.

கடுகு தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அவளுக்குக் கேட்கவில்லையோ, காதில் ஏதாவது கோளாறோ என்று அதற்கும் ஒரு பயம் வந்தது எனக்கு.

"அழுவுது பாரு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"ம்."

"நீ போகலையா?"

"நீதான் வந்துக்கிட்டு இருக்கியே" என்றாள்.

"நான் இங்கதானேடி இருக்கேன்."

"இங்க இல்லம்மா. அதுக்குள்ள." பச்சைப் பென்சிலை வைத்துவிட்டு நீலத்தைத் தேடி எடுத்தாள். "இன்னிக்கு ரொம்ப தூரத்துல இருந்து வர்றே போல. இன்னும் வந்து சேரல."

நான் போனை அணைக்கவில்லை. அவள் வானம் முழுவதையும் தீட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பஞ்சு அழுதுகொண்டே இருந்தது. அவள் ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டேன். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். உனக்குத்தான் தலை இடிக்கும்.

வண்டி ஏறியதும் ஒரு வரி எழுது. ஏறாவிட்டாலும் எழுது.

உன் தங்கை